காவலாளியின் மின்விசிறியும் ஒரு சிவப்புப் பெட்டியும்

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட்டுக்கு எதிர்ச்சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி மாட்டியிருக்கிறது. ஃபயர் அலாரம் பேனல். மகன் இந்த வீட்டை வாங்கி எங்களைக் கூட்டிவந்த நாளிலிருந்து அது அங்கேயே இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புத் தொகை கட்டாதவர்கள் பட்டியலை ஒட்டுவதற்கு அதன் பக்கத்துச் சுவர் வசதியாக இருந்ததால், பட்டியலைப் படித்த அளவுக்குப் பெட்டியை யாரும் பார்த்ததில்லை. நானும்தான்.

சென்ற மாதம் அது கத்த ஆரம்பித்தது. பெரிய சத்தம் இல்லை. நிமிடத்துக்குச் சில தடவை 'கீ... கீ...' என்று, தாயைத் தொலைத்த கோழிக்குஞ்சு மாதிரி. பெட்டியின் முகத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. முதல் நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் நாள் தரைத்தளத்து வீட்டுக்காரர் தூக்கம் போகிறது என்றார். மூன்றாம் நாள் காலை நான் நடைப்பயிற்சி முடித்துவிட்டு வரும்போது காவலாளி என்னை நிறுத்தி, "ஐயா, சத்தம் நின்னுடுச்சு. மேலே இருக்கிற சார் ஒருத்தர் வந்து சுவிட்சைக் கீழே தள்ளினாரு. பத்து நிமிஷத்துல ஓய்ஞ்சுடுச்சு" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

எனக்கு நிம்மதி வரவில்லை. அந்தப் பத்து நிமிடம்தான் என்னை உறுத்தியது.

நான் மின் பொறியாளன் இல்லை. எழுத்தர். ஆனால் முப்பத்து மூன்று வருட அரசுப் பணியில் ஒன்பது வருடம், கட்டடங்களுக்கான மின் வேலை மதிப்பீடுகள் வந்து போகும் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். கூட்டல் சரிபார்ப்பதும், பொருள் விவரத்தைப் பழைய கோப்போடு ஒப்பிடுவதும் என் வேலை. ஒப்பிட்டு ஒப்பிட்டு, புரியாத சங்கதியும் பாதி புரிந்துவிடும். இந்த மாதிரிப் பெட்டிக்குள் பேட்டரி இருக்கும், கரண்ட் போனாலும் ஒரு நாள் முழுக்கப் பேட்டரியிலேயே அது விழித்திருக்க வேண்டும் என்பது அப்படித் தெரிந்துகொண்டதுதான். நல்ல பேட்டரி இருந்திருந்தால், சுவிட்சைத் தள்ளிய பிறகு பெட்டி இன்னும் கோபமாக நாள் முழுதும் கத்தியிருக்கும். பத்தே நிமிடத்தில் ஓய்ந்ததென்றால் உள்ளே இருப்பது பேட்டரி இல்லை, பேட்டரியின் சடலம்.

எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவரை வரவழைத்தேன். கேளம்பாக்கத்துப் பையன், நிதானமானவர். பெட்டியைத் திறந்தார். 12 வோல்ட் பேட்டரி இரண்டு. மேலே தூசி, ஓரத்தில் உப்பு பூத்திருந்தது. கட்டடம் கட்டியபோது வைத்தது, எட்டு வருடம் ஆகிறது. இந்த வகைப் பேட்டரிக்கு நான்கைந்து வருடமே நல்ல ஆயுள், அதுவும் சூடு இல்லாத இடத்தில். நம் ஊர் வெயிலில் பூட்டிய பெட்டிக்குள் கிடந்தால் அதற்கும் குறைவு. மெயின் இருக்கும்போது மீட்டரில் 27 வோல்ட் காட்டியது. மெயினை நிறுத்தியதும் முள் இறங்கிய வேகத்தை நான் நின்று பார்த்தேன். சில நிமிடத்தில் 20-க்கும் கீழே. "சார், இது மூணு நாளா இதைத்தான் சொல்லிட்டிருந்திருக்கு. பேட்டரி போச்சுன்னு" என்றார் தம்பி.

அதோடு முடியவில்லை. பேனலுக்கு வரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால், அது காவலாளி அறையின் எம்.சி.பி.யில் போய் நின்றது. அவருடைய மின்விசிறி, செல்போன் சார்ஜர், டீ போடும் கெட்டில், பிறகு எங்கள் அறுபத்து நான்கு குடும்பங்களின் தீ எச்சரிக்கை, நான்கும் ஒரே சுவிட்சில். சத்தத்தை நிறுத்தப் பகலில் அந்தச் சுவிட்சைத் தள்ளுகிறார்கள். ராத்திரி கொசுவும் புழுக்கமும் தாங்காமல் காவலாளி அதைத் திரும்பப் போடுகிறார். விடிந்ததும் யாராவது மறுபடி தள்ளுகிறார்கள். கெட்டிலில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் அது தானாகவே கீழே விழுகிறது. ஆக, இந்தக் கட்டடம் தீயைக் கண்டு கத்துமா கத்தாதா என்பது ஒரு மனிதருக்கு அன்றைக்கு எவ்வளவு வியர்க்கிறது என்பதைப் பொறுத்து இருந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சுவிட்சில் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதாத சுவிட்சில் யாருக்கு என்ன தெரியும்?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே பழைய வாசகர்களுக்குத் தெரியும், கேட்டுச் சலித்தும் போயிருக்கும். இன்று ஒரே ஒரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மிஸ்யே ஒருவர் சொற்களைப் பிரித்துக் காட்டுவதில் பிரியமுள்ளவர். 'அலார்ம்' என்பது பழைய இத்தாலியச் சொல், 'ஆயுதத்தை எடு' என்று காவல்காரன் கூவுவது என்று சொல்லிக்கொடுத்தார். 'இஸொலே', அதாவது தனிமைப்படுத்துவது, தீவு என்ற சொல்லிலிருந்து வந்ததாம். எலெக்ட்ரீஷியன்கள் 'ஐசொலேட்டர்' என்கிறார்களே, அதே குடும்பம். ஒரு கருவியை மின்சாரத்திலிருந்து பிரித்துத் தீவாக ஆக்கும் சுவிட்ச். எனக்கு அன்றைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தபோது இந்த இரண்டு சொல்லும் அடுத்தடுத்து ஞாபகம் வந்தன. கூவ வேண்டியவனைத் தீவில் கொண்டுபோய் விட்டுவிட்டோம்.

அதற்காக, அந்தப் பெட்டிக்குச் சுவிட்சே இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அப்படித்தான் என்னைப் புரிந்துகொண்டு, "கம்பியை நேராகச் சேர்த்துவிடலாமே அங்கிள்" என்று எழுதினார். கூடவே கூடாது. பழுது பார்க்க வருகிறவர் உயிருள்ள மனிதர். அவர் கை வைக்கும்போது பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கக் கூடாது. ஆகையால் பெட்டிக்கு அருகிலேயே ஒரு ஐசொலேட்டர் வேண்டும். ஃபேஸை மட்டும் நிறுத்தினால் போதாது, நியூட்ரலையும் சேர்த்து இரண்டையும் துண்டிக்க வேண்டும். ஃபேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கும் பழைய வயரிங்கை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மெயினை நிறுத்திய பிறகும் உள்ளே பேட்டரி உயிரோடு இருக்கும், அதையும் கழற்ற வேண்டும். சுவிட்ச் வேண்டும் என்பதில் சண்டை இல்லை. அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் என் சண்டை.

நம் நாட்டில் இதற்கென்று ஐ.எஸ். 2189 என்ற தர விதி இருக்கிறது. லண்டனில் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருக்கும் என் தங்கை மகன், அங்கே பின்பற்றும் பி.எஸ். 5839 விதியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனில் எனக்கு விளக்கினான். கேட்கக் கேட்க, இதை எழுதியவர் நம் அலுவலகத்தில் ரிக்கார்டு கீப்பராக இருந்திருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவு சந்தேகப் புத்தி. பேனலுக்கு வரும் மின்சாரம் அதற்கு மட்டுமேயான தனி வழியில் வர வேண்டும், கட்டடத்தின் மெயின் சுவிட்சுக்கு எவ்வளவு அருகிலிருந்து எடுக்க முடியுமோ அங்கிருந்து எடுக்க வேண்டும். வழியில் இருக்கும் ஒவ்வொரு சுவிட்சிலும் 'தீ எச்சரிக்கை, அணைக்காதே' என்று எழுதியிருக்க வேண்டும். பெட்டி அருகில் உள்ள ஐசொலேட்டரைப் பூட்ட முடிய வேண்டும். ஆன் நிலையிலும் பூட்ட வேண்டும், ஆஃப் நிலையிலும் பூட்ட வேண்டும். ஆன் நிலையில் பூட்டினால் வழிப்போக்கன் அணைக்க முடியாது. ஆஃப் நிலையில் பூட்டினால், ஒருவர் உள்ளே கை வைத்திருக்கும்போது இன்னொருவர் போட்டுவிட முடியாது. ஒரே பூட்டு, இரண்டு உயிர்ப் பாதுகாப்பு. பூமிக் கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி.யையும், வேறு காரணத்துக்காகக் கட்டாயமானால் தவிர, இந்த வழியில் போடாமல் தவிர்க்கச் சொல்கிறார்கள். எங்கேயோ ஒரு கெட்டில் கசிந்ததற்கு எச்சரிக்கை மணி பலியாகக் கூடாது, அவ்வளவுதான்.

பேட்டரிக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மின்சாரம் போன பிறகு 24 மணி நேரம் பெட்டி விழித்திருக்க வேண்டும். அந்த 24 மணி நேரத்தின் முடிவிலும், அரை மணி நேரம் எல்லா மணிகளையும் அடிக்கத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். எங்கள் பெட்டி சும்மா இருக்கும்போது 0.2 ஆம்பியர் இழுக்கிறது, எல்லா மணியும் அடித்தால் 1.5 ஆம்பியர். 24 மணிக்கு 4.8, அரை மணிக்கு 0.75, கூட்டினால் 5.55. பேட்டரிக்கு வயதாவதை நினைத்துக் கால் பங்கு கூடுதல் சேர்த்தால் 6.94. கடையில் கிடைப்பது 7 ஆம்பியர்-மணி. உள்ளே இருந்ததும் அதே 7. போட்டவர் கணக்குத் தெரிந்தவர்தான்! எட்டு வருடத்தில் வீணாய்ப்போனது அவருடைய கணக்கு இல்லை. (இரண்டு பேட்டரி இருக்கிறதே, 14 ஆகாதா என்று பொருளாளர் கேட்டார். ஆகாது. வரிசையாகக் கோத்திருப்பதால் வோல்ட்தான் 24 ஆகிறது, கொள்ளளவு 7-தான்.)

24 மணி நேரம் எதற்கு என்று கேட்பவர்கள் 2016 டிசம்பர் 12-ஐ நினைத்துப் பார்க்கலாம். வர்தா. அப்போது நாங்கள் கந்தசாமி கோயில் பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். கம்பங்கள் சாய்ந்து, மின்சாரம் திரும்பி வர நாட்கள் ஆயின. வீட்டுக்கு வீடு மெழுகுவர்த்தி, அகல் விளக்கு, மண்ணெண்ணெய். தீ பிடிக்க அதைவிட நல்ல நேரம் எது?

"ஜெனரேட்டர்தான் இருக்கே" என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது, லிஃப்ட்டையும் மோட்டாரையும் ஓட்டுகிறது. ஆனால் கட்டடத்தில் தீ என்று 101-க்குப் போன் போய், தீயணைப்பு வீரர்கள் வந்ததும் முதலில் செய்யச் சொல்லும் காரியங்களில் ஒன்று மெயினை நிறுத்துவது. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் அவர்கள் உயிருக்கு ஆபத்து. அப்போது ஜெனரேட்டரையும் சேர்த்துத்தான் நிறுத்துவார்கள். மேலே யாரோ இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில் பேச வேண்டியது பேட்டரி மட்டும்தான்.

இதெல்லாம் புத்தக விதி, நடைமுறைக்கு ஒத்துவராது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் இரண்டு சம்பவங்களைச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

1997 ஜூன் 13, டில்லி உபஹார் தியேட்டர். 'பார்டர்' இந்திப் படம் வெளியான நாள். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் அன்று காலையே ஒரு முறை தீப்பிடித்து, அவசர அவசரமாகச் சரிசெய்யப்பட்டிருந்தது. மாலையில் மறுபடி பிடித்தது. புகை மேலே பால்கனிக்கு ஏறியது. மின்சாரம் போனது. அவசர விளக்கு இல்லை, வெளியேறச் சொல்லி ஓர் அறிவிப்பு இல்லை. இருட்டிலும் புகையிலும் 59 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது தீ இல்லை, மூச்சுத்திணறல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை நடந்தது. தீ எந்த மின்சாரத்தில் தொடங்குகிறதோ, எச்சரிக்கையும் அதே மின்சாரத்தை நம்பி இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் போகும்.

2011 டிசம்பர் 9, கொல்கத்தா தாக்குரியாவில் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனை. விடிவதற்கு முன்பு அடித்தளத்தில் தீ. புகை ஏ.சி. குழாய்கள் வழியாக மாடிகளுக்குப் போனது. எழுந்து நடக்க முடியாத நோயாளிகள். தொண்ணூறு பேர் அளவில் இறந்தார்கள். எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை என்பது அப்போது எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. புகையை முதலில் பார்த்தவர்கள் பின்புறக் குடிசைப் பகுதி மக்கள். ஓடி வந்து சொன்னவர்களைக் காவலாளிகள் திருப்பி அனுப்பினார்கள் என்றும் படித்தேன். கருவி தூங்கினால் மனிதன் சொல்வதையும் யாரும் நம்புவதில்லை போலிருக்கிறது. 'பெட்டி சும்மாத்தானே இருக்கிறது' என்று பதில் வரும்.

எழுந்து நடக்க முடியாதவர்கள் என்று எழுதும்போது எனக்கு ஏ.எம்.ஆர்.ஐ. மட்டும் ஞாபகம் வரவில்லை. நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. மனைவிக்கு இரண்டு முழங்காலும் மாற்று. தீயின்போது லிஃப்ட்டில் ஏறக் கூடாது. ஒரு நாள் சோதித்துப் பார்த்தோம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க எங்களுக்குப் பதினோரு நிமிடம் ஆனது. நான்காவது மாடியில் உட்கார்ந்து ஓய்வெடுத்தபோது அவள், "என்னங்க, சின்னவங்களுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி தெரிஞ்சா போதும். நமக்கு அரை மணி முன்னாடி தெரியணும்" என்றாள். விதியில் உள்ள அதே அரை மணி. அவளுக்கு விதியைப் பற்றி நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இந்த மணி பொய்யாகவும் அடித்திருக்கிறது. இரண்டு வருடம் முன்பு போகி அன்று காலை, தெருவில் டயரும் பழந்துணியும் எரிந்த புகை லாபிக்குள் வந்து, எல்லா மாடியிலும் மணி அடித்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள், கீழே வந்து போகிப் புகை என்று தெரிந்ததும் திட்டியதை நானும் கேட்டேன். அதற்கு முன் ஒரு கிரகப்பிரவேச ஹோமம். நாலு தடவை பொய் சொன்னவனை ஐந்தாவது தடவை யார் நம்புவார்கள்? அன்றிலிருந்தே பலருக்கு அந்தப் பெட்டி ஒரு தொல்லை. ஆனால் அதற்கு வைத்தியம், புகை உணர்விகளைக் கழற்றித் தூசி துடைப்பதும், தவறான இடத்தில் இருப்பதை மாற்றுவதும், போகி அன்று லாபிக் கதவைச் சாத்துவதும். ஹோமம் நடந்தால் அந்த ஒரு பகுதியை மட்டும், பொறுப்பான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது சில மணி நேரம் நிறுத்தி வைக்கப் பேனலிலேயே வசதி இருக்கிறது. முழுப் பெட்டியின் கழுத்தையும் நெரிக்கத் தேவையில்லை.

பிறகு நான் என் தொழிலைச் செய்தேன். நூறு பக்க நோட்டு ஒன்றில் ஸ்கேலால் கோடு போட்டு ஒரு பதிவேடு தயாரித்தேன். தேதி, நேரம், நிறுத்தியவர், காரணம், திரும்பப் போட்டவர், கையொப்பம். கடைசிப் பத்தியில், மாதம் ஒரு முறை மெயினை நிறுத்திவிட்டு, பேட்டரியில் மட்டும் மணி அடிக்கிறதா என்று பார்த்த விவரம். மெயின் இருக்கும்போது அடித்துப் பார்ப்பது சோதனையே இல்லை. எங்கள் பெட்டி எட்டு வருடமும் அந்தச் சோதனையில் தேறியிருக்கும். "இதற்கெல்லாம் ஒரு ரிஜிஸ்டரா அங்கிள்?" என்று செயலாளர் சிரித்தார். ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவி, நல்ல பையன். "தம்பி, உங்கள் ஆபீசில் சர்வரை நிறுத்த யார் வேண்டுமானாலும் போய் சுவிட்சைத் தள்ளலாமா?" என்று கேட்டேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

நான் சொல்வது இதுதான். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கூரைகளைத் தேடித் தேடி அகற்றினோம். கூரை கண்ணுக்குத் தெரிந்தது. பெட்டிக்குள் செத்துக் கிடக்கும் பேட்டரியும், காவலாளி அறைக்குப் போகும் கம்பியும் கண்ணுக்குத் தெரியாது. அலாரம் உண்டா என்று சோதனைக்கு வருபவர் கேட்டால், உண்டு என்று சிவப்புப் பெட்டியைக் காட்டிவிடலாம். அதை யார் அணைக்கலாம், சாவி யாரிடம், கடைசியாக எப்போது அணைத்தது என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். வீடு வாங்கப் போகும் பிள்ளைகள் நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் பார்க்கிறார்கள். கூடப் போகும் நம்மைப் போன்ற கிழவர்கள் இந்த மூன்று கேள்விகளையாவது கேட்கலாம்.

கூட்டத்தின் முடிவு: புது பேட்டரிக்கு அன்றே ஒப்புதல். பூட்டும் ஐசொலேட்டருக்கும் சிவப்புப் பலகைக்கும் ஒப்புதல். காவலாளி அறைக்கு வேறு வழியில் மின் இணைப்பு, ஒப்புதல். மெயின் போர்டிலிருந்து பேனலுக்குத் தனிக் கம்பி இழுக்கும் செலவு மட்டும் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளப்பட்டது. அதுவரை காவலாளி அறை வழியாக வந்துகொண்டிருந்த பழைய கம்பியே பேனலுக்கு என்று தனியாக நிற்கும். இடைக்கால ஏற்பாடு என்று நானே தீர்மானத்தில் எழுதச் சொன்னேன். 'இடைக்கால' என்ற சொல் எத்தனை வருடம் உயிர் வாழும் என்பது என்னைப் போன்ற எழுத்தருக்குத் தெரியாதா என்ன.

போன சனிக்கிழமை பத்து மணிக்கு, முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டு, எலெக்ட்ரீஷியன் தம்பி பூட்டைத் திறந்து மெயினை நிறுத்தினார். பச்சை விளக்கு அணைந்து மஞ்சள் எரிந்தது. நான் கண்ணாடி பட்டனை அழுத்தினேன். ஏழு மாடியிலும் மணி அடித்தது. மனைவி மேலிருந்து போன் செய்து, "கேக்குது, போதும் நிறுத்துங்க" என்றாள். பதிவேட்டின் முதல் வரியை எழுதினேன். சாவி ஒன்று செயலாளரிடம், இன்னொன்று எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில். அடுத்த வாரம் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் புதுச்சேரி போகிறோம். அந்த நான்கு நாள் சாவியை யாரிடம் கொடுப்பது என்று குழுவில் கேட்டிருக்கிறேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.